கல்யாண மண்டபத்துச் சுடர்

பாண்டிச்சேரி உழவர்கரையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில், இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு இணையதளம் செய்து கொடுக்கும் தொழிலை ஆரம்பித்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, பிராட்பேண்ட் அப்போதுதான் வந்திருந்தது. எனக்குக் கிடைத்த முதல் பெரிய வாடிக்கையாளர் ஒரு கல்யாண மண்டபத்தின் முதலாளி. இணையதளம் எதற்கென்று அவருக்குத் தெரியாது. எதிர் மண்டபத்துக்காரர் வைத்துவிட்டார், அவ்வளவுதான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"மொதப் பக்கத்துல ரெண்டு ஓரமும் குத்துவிளக்கு எரியணும்மா. சும்மா படமா நிக்கக் கூடாது. சுடர் ஆடணும்."

விளக்கை ஒரு படமாகவும் சுடரைத் தனிப் படமாகவும் செய்து, மூன்று நாள் உட்கார்ந்து ஆட வைத்தேன். கொஞ்சம் அதிகமாகவே ஆடியது. மண்டபத்துக்குள் புயல் புகுந்துவிட்டதோ என்று தோன்றும். அவருக்குப் பரம திருப்தி.

சில மாதங்கள் கழித்து, ஒரு காலை நேரத்தில், போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் மாடியேறி வந்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர். அதுவரை திருட்டு வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கொஞ்ச நாள் முன்புதான் இணையக் குற்றங்களுக்கு மாற்றியிருந்தார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்து, அச்செடுத்த தாள்களை என் முன்னால் வைத்தார்.

அது ஒரு தீவிரவாத இணையதளம். எந்தக் கூட்டத்துடையது என்று இங்கே எழுதப்போவதில்லை. யாரை வெட்ட வேண்டும், யார் கடைகளைக் கொளுத்த வேண்டும் என்று நல்ல தமிழில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அப்புறம்தான் ஓரங்களைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் என் சுடர். விளக்கை விட்டுவிட்டு நெருப்பை மட்டும் எடுத்திருந்தார்கள்.

"இந்த நெருப்பு நீங்க செஞ்ச எடத்துலேர்ந்து வருதுன்னு எங்க டெக்னிக்கல் ஆளு சொல்றாரும்மா."

"நெருப்பு மட்டும்தான் சார். மத்ததெல்லாம் அவங்களோடது."

படத்தைக் காப்பியடித்துத் தங்களிடம் வைத்துக்கொள்ளும் சிரமத்தைக்கூட அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும், எழுத்து அவர்களிடமிருந்து வரும், சுடர் மட்டும் எங்கள் மண்டபத் தளத்திலிருந்து வரும். அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி என்று அரை மணி நேரம் விளக்கினேன்.

"அப்ப நீங்க திருட்டுக் குடுத்தவங்க," என்றார் கடைசியில். முகத்தில் தெளிவு வந்துவிட்டது. திருட்டு அவருக்குத் தெரிந்த விஷயம். "சரி, இத மூடிடுங்க."

"நான் எப்படி சார் மூட முடியும்?"

தளம் இருந்தது வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் இயந்திரத்தில். தளத்தின் பெயரைப் பதிந்தவர் யார் என்று தேடினோம். தெரு: மெயின் ரோடு. ஊர்: இந்தியா. தொலைபேசி: ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாக. இன்ஸ்பெக்டர் அந்த எண்ணுக்கும் போன் போட்டுப் பார்த்தார். "ரிங் போகல," என்று குறித்துக்கொண்டார்.

கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எழுதினோம். பதில் பிரெஞ்சில் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள் என்பதால் நானே வாசித்துச் சொன்னேன். மூன்று பத்தி மரியாதை. நடுவில், தங்கள் நாட்டு நீதிமன்றத்தின் உத்தரவைக் கொண்டுவந்தால் பரிசீலிப்போம் என்று ஒரு வரி.

இதற்குள் மண்டப முதலாளிக்குச் செய்தி போய்விட்டது. நேரில் வந்தார். "நம்ம வெளக்க வெச்சு ஊரக் கொளுத்துறானுங்களாம்மா. அணைச்சிடு."

அவர் அப்படிச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. குழாய் எங்களுடையது. அதில் என்ன வரவேண்டும் என்பதும் எங்கள் கையில்தான் இருக்கிறது. மண்டபத்துச் சுடர்ப் படத்தின் பெயரை மாற்றிவிட்டு, பழைய பெயரில் வேறு படத்தை வைத்தால் போதும், அவர்கள் பக்கத்தில் அதுதான் தெரியும். இன்ஸ்பெக்டரைக் கேட்டேன்.

"நம்ம வீட்டு வெளக்க நாம மாத்த யாரக் கேக்கணும்?" என்றார்.

விருந்துப் பக்கத்துக்காக எடுத்த மெதுவடைப் படம் ஒன்று கையில் இருந்தது. அதை வைத்தேன். அன்று மதியம் முதல் அந்தத் தளத்தில், ரத்தம் சிந்தப் புறப்படுங்கள் என்ற அறைகூவலுக்கு இரண்டு பக்கமும் பொன்னிறமாக ஒவ்வொரு வடை. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "சட்னி இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தளத்தில் வாசகர்கள் கருத்தெழுத ஓர் இடம் இருந்தது. முதல் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ஒருவர், தலைமை நிலையத்தில் சாப்பாடு உண்டா என்று கேட்டிருந்தார். அடுத்தவர் மாவில் மிளகு தட்டிப் போடச் சொன்னார். நான்காம் நாள் மண்டபத் தளத்தின் முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. "எங்கள் இயக்கத்தைக் கேவலப்படுத்தும் வடையை உடனடியாக அகற்றாவிட்டால் விளைவுகள் கடுமையாக இருக்கும்."

வாய்விட்டுச் சிரித்தேன். பிறகுதான் மண்டபத் தளத்தின் அடியில் என் கடை முகவரி இருப்பது நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் காய்ச்சல் என்று சொல்ல, அவர் மாத்திரை கொடுத்தார்.

இன்ஸ்பெக்டருக்கோ ஏக மகிழ்ச்சி. முதல் தடவையாகப் பிடிக்க ஒரு நுனி கிடைத்திருந்தது. மெயில் எங்கிருந்து வந்ததென்று விசாரித்ததில் கோரிமேட்டுப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டர் என்று தெரிந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமென்று என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் எக்ஸ்ரே உறைகளோடு பஸ்ஸைவிட்டு இறங்கிய கூட்டத்தைத் தாண்டிப் போனோம். கடை கண்ணில் பட்டது. ஜீப்பை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை.

"போர்டப் பாருங்க," என்றார்.

பெயர்ப்பலகையின் கீழே விழுப்புரம் மாவட்டம் என்றிருந்தது. எல்லை எங்களுக்கும் கடைக்கும் நடுவே எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க போய் டீ குடிக்கலாம். கேள்வி கேக்க முடியாது. தமிழ்நாட்டுக்கு எழுதித்தான் வாங்கணும்."

கடல் கடந்து எழுதிக் கேட்ட வழக்கு, கூப்பிடு தூரத்தில் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்திலேயே டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். பல வாரம் கழித்து அந்தக் கடைப் பதிவேட்டின் நகல் வந்தது. அன்றைக்கு வந்த எல்லோரும் ஒரே பெயரை எழுதியிருந்தார்கள். முதல் ஆள் எழுதியதற்குக் கீழே மற்றவர்கள் மேற்படிக் குறி போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற ஜனம், யார் முகம் ஞாபகம் இருக்கும் என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார்.

அதற்குள் அந்தத் தளம் வேறு முகவரிக்குக் குடிபோய்விட்டது. அதே எழுத்து, அதே வெட்டு, அதே கொலை. படம் ஒன்றுகூட இல்லை. இன்ஸ்பெக்டருக்குத் திறந்து காட்டினேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நெருப்பு இல்லியே?"

"இல்ல சார்."

"வடை?"

"அதுவும் இல்ல."

"அப்ப இதுக்கும் பாண்டிச்சேரிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

மேற்படி தளத்திலிருந்து மேற்படி சுடரும், பின்னர் மேற்படி வடையும் நீங்கிவிட்டபடியால் இங்கே மேல்நடவடிக்கை தேவையில்லை என்று அறிக்கை எழுதி, என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார். நகலை டெல்லிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். கையெழுத்துப் போடும்போது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. அந்த எழுத்து அப்படியே இருக்கிறதே என்றேன்.

"தெரியும்மா," என்றார். "எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னு நெனைக்கிறீங்களா?"

அதன்பிறகு வாரம் ஒருமுறை அந்தப் புது முகவரியைத் திறந்து பார்ப்பேன். ஒரு திங்கட்கிழமை அந்தப் பக்கம் திறக்க மறுத்தது. டெல்லி மூடியதா, எழுதியவருக்கே அலுத்துவிட்டதா, மறுபடி வீடு மாறிவிட்டாரா, தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிக் காரைக்காலுக்குப் போயிருந்தார். போன் போட்டுச் சொன்னேன். எதற்கும் நாளைக்கு இன்னொரு தரம் திறந்து பாருங்கள் என்றார்.