வீட்டை விட்டுப் புறப்பட்ட பொடியன்கள்

எண்பதுகளின் நடுப்பகுதி. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு, வேலையில்லாமல் கல்முனையில் திரிந்துகொண்டிருந்தேன். பாண்டிருப்பைச் சேர்ந்த என் கூட்டாளிக்கு அப்போது ஓர் ஆங்கில நாவல் பைத்தியம். ஒரு பெரிய நாட்டை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, கிடைத்த வாகனத்தில் ஏறிச் சுற்றித் திரிகிற இளைஞர்களின் கதை. எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. கடற்கரை மணலில் இருந்துகொண்டு அவன்தான் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்வான்.

"நாமளும் ஒருக்காப் போவமா மச்சான்? கொழும்பு வரைக்கும், லொறியில" என்று ஒருநாள் கேட்டான். நாட்டு நிலைமை சரியில்லை என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தும் புறப்பட்டோம்.

சம்மாந்துறையைச் சேர்ந்த, முன்பின் தெரியாத ட்ரைவர் ஒருவர் தன் நெல் லொறியில் ஏற்றிக்கொண்டார். எங்கள் முஸ்லிம் வழக்கப்படி அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டேன். காலை வெயில், இரண்டு பக்கமும் வயல். அவன் மூட்டைகளுக்கு மேல் ஏறி இருந்து, கத்திப் பாடிக்கொண்டே வந்தான்.

வழியில் ஒரு சோதனைச்சாவடியில் எங்களை இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் முஸ்லிம் பெயரைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பக்கம் விலகி நிற்கச் சொன்னார்கள். அவனுடைய பையைக் கொட்டியபோது அந்த நாவல் விழுந்தது. அங்கிருந்த அதிகாரிக்கு ஆங்கிலம் தெரியும். என்ன புத்தகம் என்று கேட்டார். ஆங்கிலத்தில் கதைக்கக் கிடைத்த சந்தோஷத்தில் இவன் உள்ளதைச் சொன்னான். வீட்டை விட்டுப் புறப்பட்ட இளைஞர்களின் கதை, தனக்கும் அவர்களைப்போலப் போக விருப்பம் என்றான்.

அந்த நாட்களில், வீட்டை விட்டுப்போன தமிழ்ப் பொடியன் என்றால் ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போனவன். சொல்லி முடிக்கும்போதே அவனுக்கும் அது விளங்கிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் கையைப் பின்னால் கட்டி ட்ரக்கில் ஏற்றினார்கள்.

ட்ரைவர் காக்கா சிங்களத்தில் கெஞ்சினார். இவன் என்னோடு மூட்டை ஏற்ற வந்தவன் என்று பொய்யும் சொன்னார். துவக்குப் பிடியால் அவருக்குத் தோளில் அடி விழுந்தது. கொழும்புக்குப் போகவேண்டிய லொறியை அவர் ஊருக்கே திருப்பினார்.

"தாய்க்கிட்ட நீ தனியப் போய்ச் சொல்ல ஏலாது மனே. நானும் வாறன்."

வீட்டு வாசலில், "தங்கச்சி, உங்கட மகன் பிழை ஒண்டும் செய்யல்ல" என்று தொடங்கி நடந்ததைச் சொன்னார். பிறகு அந்தத் தாயைத் தன் லொறியிலேயே முகாம் முகாமாகக் கூட்டித் திரிந்தார்.

பல மாதம் கழித்துத்தான் அவனை விட்டார்கள். ஒரு காது கேட்காது. வாசிப்பை அடியோடு விட்டிருந்தான். ஒரு பின்னேரம், கடற்கரைக்குப் போவோம் வா என்று கூப்பிட்டேன்.

"வேணாம் மச்சான். என்னத்துக்கு வந்த எண்டு கேட்டா என்ன சொல்ற?"

இப்போது எங்கள் ஊர் இளசுகள் கூட்டமாக பைக்கில் மலைநாட்டுப் பக்கம் போகிறார்கள். பார்க்கச் சந்தோஷம்தான், ஆனால் ஒரு காரணமும் இல்லாமல் ஒருவன் தன் நாட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்பதை என் மனம் இன்றுவரை முழுதாக நம்பவில்லை.