மூட்டுவலி டப்பாவில் ஒரு கதை

‘துணை ஆசிரியை என்பவர் சாந்த குணம், தூய்மை, அழகிய கையெழுத்து, மேலிடத்துக்குக் கீழ்ப்படிதல் ஆகியவை பொருந்தியவராக இருத்தல் வேண்டும்’ என்கிறது பணி விதி. இந்த நான்கில் இந்தக் கதையின் துணை ஆசிரியையிடம் இருந்தது தூய்மை மட்டும். அதுவும், அடுத்த வீட்டுக் குப்பைக் கூடையைக் கிளறி முடித்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுகிற அளவில்தான்.

பள்ளியில் அவருக்கு டப்பா டீச்சர் என்று பெயர். எந்த வீட்டில் எந்த டப்பா காலியாகப் போகிறது என்று அந்த வீட்டுக்காரருக்கு முன்பே அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். காலியாகாவிட்டாலும் பாதகமில்லை.

“என் மூட்டுவலிக் களிம்பு எங்க?” என்றார் கணவர் ஒரு காலையில்.

“கிண்ணத்துல வழிச்சு வெச்சிருக்கேங்க.”

“டப்பா?”

“அது ஸ்கூலுக்குப் போயிடுச்சு.”

“நான் கட்டினது பொண்டாட்டியவா, பழைய பேப்பர்காரரையா?”

“பேப்பர்காரர் காசு குடுத்துட்டு எடுத்துட்டுப் போவார். என்னைப் போய் அவரோட சேக்காதீங்க.”

அந்த மூட்டுவலி டப்பாவுக்குள் வட்டமாக வெட்டிய ஆறு படங்கள் போயின. வரிசையாக அடுக்கினால் ஒரு கதை. தலைவலித் தைல டப்பாவின் தகர மூடியில் ஒட்டிக்கொள்ளும் காந்த எழுத்துகள். இருமல் மிட்டாய் டப்பாவில் சட்டைப் பொத்தான்கள், அது கூட்டல். பிள்ளைகள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு வகுப்பின் ஏதாவதொரு மூலையில் பாயில் உட்காருவார்கள். திறந்து, செய்து, மூடி, திருப்பி வைக்க வேண்டும். எல்லாம் பைக்குள் அடங்கும் அளவு. அதனால் வாரத்துக்கொரு முறை கூட்டல் யாராவது ஒருவர் கால்சட்டைப் பையில் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பி வரும்.

இந்நிலையில்தான் அதிகாரி பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. தலைமையாசிரியை டப்பா அலமாரியின் முன் வந்து நின்றார்.

“ஏம்மா, இது கிளாஸா, மருந்துக் கடையா? அவர் பாத்து ஒழுங்கா இல்லைன்னு சொல்லிட்டா, அத்தனையும் பழைய சாமான் கடைக்குத்தான். அப்புறம் கடையில வாங்குற கம்பெனிப் பாடப் பெட்டிதான் வரும். ஒழுங்கா வெள்ளைத் தாள் சுத்திப் பேர் எழுதி ஒட்டும்மா.”

கம்பெனிப் பெட்டிகளைப் பக்கத்துப் பள்ளியில் டப்பா டீச்சர் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் கை பட்டுக் கெட்டுவிடக் கூடாதென்று பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் அவை சௌக்கியமாக இருந்தன. அந்தக் காட்சி நினைவுக்கு வந்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாக மேலிடத்துக்குக் கீழ்ப்படிந்தார். டப்பாக்களின் மேல் வெள்ளைத் தாள் சுற்றி, தன் கோழிக் கிறுக்கலில் ‘எழுத்து’, ‘கூட்டல்’, ‘கதை’ என்று எழுதி ஒட்டினார். எழுத்துக் கற்றுக்கொள்ள வந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அதை யார் வாசித்துக் காட்டுவது என்று அவருக்குத் தோன்றவில்லை. தலைமையாசிரியைக்கும் தோன்றவில்லை, அவர் அலமாரியைப் பார்த்து, “இப்பதான் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு” என்றார்.

அதிகாரி வந்தார். ‘தொடங்கலாம்’ என்றதும் பிள்ளைகள் அலமாரிக்கு ஓடிப்போய், அப்படியே திகைத்து நின்றார்கள். அத்தனையும் வெள்ளை. ஒரு சிறுமிக்கு உதடு பிதுங்கியது.

“டீச்சர், இருமலைக் காணோம்!”

“இருமலா?” என்றார் அதிகாரி.

“இருமல்லதான் கூட்டல் இருக்கு” என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

“எனக்கு மூட்டுவலி வேணும்” என்று இன்னொருவன் அழ ஆரம்பித்தான். “நேத்து பாதிக் கதைதான் அடுக்கினேன்!”

தலைமையாசிரியை முகத்தில் ஈயாடவில்லை. “குழந்தைங்க சார், ஏதோ உளறுதுங்க...”

“உளறல மேடம்” என்றார் டப்பா டீச்சர். “நான்தான் உளறி ஒட்டி வெச்சிருக்கேன்.”

“ஏம்மா, நான் பேசிட்டிருக்கேன்ல?” என்று பல்லைக் கடித்தார் தலைமையாசிரியை.

டப்பா டீச்சர் முதல் தாளில் நகத்தை வைத்துச் சர்ரென்று உரித்தார். உள்ளேயிருந்து தலைவலி எட்டிப் பார்த்தது. “அதோ!” என்று ஒரு கூச்சல். பிறகு தாள் கிழிகிற சத்தத்தில் அதிகாரி ஏதோ சொன்னது யார் காதிலும் விழவில்லை. அழுதவன் மூட்டுவலியை அணைத்துக்கொண்டு மூலைக்குப் போய், மிச்சமிருந்த மூன்று படங்களை அடுக்கினான். அதிகாரி ஓரமாக நின்று கடைசிப் படம் வரை பார்த்தார்.

டப்பாக்கள் பழைய சாமான் கடைக்குப் போகவில்லை. ‘கீழ்ப்படிதல் போதாது’ என்று தலைமையாசிரியையின் குறிப்பு ஒன்று மட்டும் மேலே போனது. அன்று டப்பா டீச்சர் செய்தது, ஒட்டிய தாள்களை அதிகாரியின் கண்ணெதிரே அனுமதி கேட்காமல் கிழித்துப் போட்டது.