கண்ணாடிப் பெட்டிக்குள் ரவுட்டர்

லியோவின் முகத்தைத் தஞ்சாவூரில் பார்க்காதவர்கள் குறைவு. ஓர் உரக்கடைக்கு மேலே இருந்த கம்ப்யூட்டர் சென்டரின் வாசலில், ஆளுயரப் பேனரில் டை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே சிவப்பு எழுத்தில்: ‘வேலையில் அமர்ந்தார்!’

எங்கே அமர்ந்தார் என்று போடவில்லை. அதே மாடியில்தான். நெட்வொர்க் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு சென்னையில் ஏறிய கம்பெனியெல்லாம் அவனை இறக்கிவிட்டது. அந்தச் சர்டிபிகேட்டுக்குப் பாடம் நடத்தும் வேலை மட்டும் கிடைத்தது.

பாடம் என்றால் பழைய பரீட்சைக் கேள்விகளின் ஜெராக்ஸ் கட்டு. லியோ கேள்வியைப் பாதி படிப்பான். பையன்கள் ஜெபமாலை சொல்கிற ராகத்தில், “ஆப்ஷன் சீ…” என்று இழுப்பார்கள். ரவுட்டர் என்று ஒரே ஒரு பெட்டி இருந்தது. அதைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துப் பூட்டி, சீரியல் லைட் போட்டிருந்தார் முதலாளி ராஜ்குமார். மாலை ஒன்றுதான் குறை.

அமெரிக்காவுக்குப் போன பையன்கள் வேலை போய்த் திரும்பிக்கொண்டிருந்த 2001இல், லியோவின் அப்பா பெரியநாயகசாமி மகளோடு மாடியேறி வந்தார். அமலிக்கு பி.எஸ்ஸி. கணக்கில் கடைசி வருஷம் பாக்கி. அதை நிறுத்திவிட்டு இங்கே சேர்ப்பதாக அவர் முடிவு.

ராஜ்குமார் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார். ஒவ்வொரு சொல்லையும் மூக்கில் கொஞ்சம் ஊறவைத்து வெளியே விடுவார்.

“ஐயா… டிகிரிங்கறது வந்துங்க… கோயில் சுண்டல். கைய நீட்டுனா எல்லாருக்கும் கெடைக்கும். சர்டிபிகேசன்ங்கறது வந்துங்க… இன்டர்நேசனல்! ஒங்க மவனே நிக்கிறாரு, கேளுங்க.”

“டேய் லியோ, சார் சொல்றது நெசந்தானா?”

“நெசந்தாம்பா.”

அமலி கண்ணாடிக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணே, அந்தப் பொட்டிய ஒருதரம் ஓட்டிக் காட்டு. அப்பறம் சேர்றேன்.”

“அது சென்சிடிவ் ஐட்டம்மா… தூசி ஏறிடும்…”

“மேல எலிப் புழுக்க கெடக்கு சார்.”

“காட்டுடா,” என்றார் பெரியநாயகசாமி. “புள்ள படிப்ப நிறுத்தப் போறேன். பாத்துட்டே நிறுத்துறேன்.”

லியோ பூட்டைத் திறந்தான். பெட்டியை முன்னும் பின்னும் புரட்டினான். ஒரு வயரை எடுத்து இந்தத் துளையில் வைத்துப் பார்த்தான், அந்தத் துளையில் வைத்துப் பார்த்தான். ஜெராக்ஸில் படம் கிடையாது.

“கேள்வியாக் கேட்டா சொல்லிடுவேம்பா.”

“இதுக்குத்தான் சென்னையில தொரத்துனாங்களா?” என்றாள் அமலி.

லியோ வயரைக் கீழே வைத்தான். “ஆமா. கையில வயரக் குடுத்தாங்க, முழிச்சேன். அப்பா, அவளக் காலேஜுக்கே அனுப்பு. இங்க படிச்சா இங்கதான் வேல.”

ராஜ்குமாரின் கண் திறந்தது. மூக்கிலிருந்த ராகம் எங்கோ போயிருந்தது. “சம்பளம் வாங்குற எடத்துல மண்ண அள்ளிப் போடுறியா? எறங்குடா கீழ!”

பெரியநாயகசாமி மகனை அடிக்கவில்லை. பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டு காலியாக இருந்தும் உட்காராமல் ஊர் வரை நின்றுகொண்டே வந்தார். “கம்பெனி, கம்பெனின்னு ஊரு பூரா சொன்னேனேடா,” என்று கம்பியிடம் சொன்னார்.

அமலி காலேஜுக்கே போனாள். லியோ, அதிராம்பட்டினத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த லியாகத் அலியிடம் போய் நின்றான்.

“சர்டிபிகேட்ட மடிச்சு உள்ள வைங்க தம்பி. அந்த மூல கம்ப்யூட்டருக்கு நெட்டு வரல, பாருங்க.”

லியோ மேஜைக்கடியில் புகுந்து பார்த்ததில், மற்ற எல்லாக் கம்ப்யூட்டரிலும் நெட் நின்றுபோனது.

“பரவால்ல. கெடுத்தவருக்குத்தான் எங்க கெட்டுச்சுன்னு தெரியும். சரி பண்ணிட்டு வெளிய வாங்க.”

சாயங்காலம் வெளியே வந்தான், சரிசெய்துவிட்டு. வேலை நிலைத்தது.

விஷயம் தெரிந்ததும் ராஜ்குமாரிடமிருந்து போன் வந்தது. “லியோ தம்பி… பிளேஸ்மென்ட் ஆயிட்டீங்களாமே… ஒரு போட்டோ…”

“தரேன் சார். கீழ, ‘நான் தொரத்துனதுக்கு அப்பறம்’னு போட்டுருங்க.”

அவர் போட்டோவுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த வாரம் உரக்கடை மாடியில் புதுப் பேனர் ஏறியது. பழைய சிரிப்பு, பழைய டை. கீழே சிவப்பில்: ‘மீண்டும் வேலையில் அமர்ந்தார்!’