இன்சுலின் போட்ட பிறகு வராத சாப்பாடு

இன்று நானும் கணவரும் திண்டுக்கல்லைத் தாண்டிப் புதிதாக வந்திருக்கும் தீம் பார்க்குக்குப் போனோம்.

அங்கிருந்த ஓட்டலில் இரண்டு சாப்பாடு சொன்னோம். "இந்தா எடுத்தாந்துர்றேம்மா" என்றார் சர்வர்.

எதையும் எளிதில் நம்பாத நான் அதை நம்பினேன். "ஊசியப் போட்டுக்கங்க" என்றேன். இவரும் இன்சுலின் போட்டுக்கொண்டார்.

அரை மணி நேரமாகியும் சாப்பாடு வரவில்லை. மறுபடி கேட்டேன். "செத்த பொறுங்கம்மா, வந்துக்கிட்டே இருக்கு."

திரும்பினால், மின்விசிறிக்குக் கீழேயே இவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. "என்னங்க" என்றேன். யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

வெளியே ராட்டினத்தில் எல்லோரும் பயந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

இவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்து, கவுண்டருக்கு ஓடிச் சீனி கேட்டேன். "டீக்கு டோக்கன் போட்டாத்தாம்மா சீனி."

பக்கத்து மேசைப் பெண் தன் மகள் குடித்துக்கொண்டிருந்த மாம்பழ ஜூஸைப் பிடுங்கி நீட்டினார். "மொதல்ல இதக் குடுங்கக்கா."

குடித்துச் சற்று நேரம் கழித்து இவர் கேட்டார்: "ஏன் இப்படி முழிக்கிற?" அதன் பிறகுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கடைசியில் ஆறிப்போன சோறும் உப்பில்லாத சாம்பாரும் வந்தன. "ஸ்வீட் எதுவும் வேணுமா சார்?" என்றார் சர்வர்.

வெளியே சாப்பிடும்போது நீங்களெல்லாம் ஊசியை எப்போது போடுகிறீர்கள்? இனி எங்கள் வீட்டில், சோறு தட்டில் விழுந்த பிறகுதான்.