மணலை நம்பாத எங்கள் அக்கா

விராலிமலைக்குப் பக்கத்தில், நிலக்கடலையும் சோளமும் பயிரிட்ட ஒரு குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர் எங்கள் அக்கா. கடல் என்பதை அவர் நேரில் பார்த்ததே கல்லூரிச் சுற்றுலாவில்தான். தோழிகள் அலையில் இறங்கி ஆடியபோது தான் மட்டும் செருப்பைக் கழற்றாமல் மேட்டிலேயே நின்றுவிட்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார். காலுக்கடியில் மணல் நழுவுவது அவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவருக்கு வேலை முழுவதும் கடல் மணலோடு அமைந்தது.

அக்கா பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா காலமானார். அதன்பின் அம்மாவைப் பார்த்துக்கொண்டதும், தங்கையான என்னைப் படிக்க வைத்ததும், எனக்குத் திருமணம் செய்து வைத்ததும் அக்காதான். அறந்தாங்கியில் ஆசிரியராக இருந்த அத்தானை மணந்த பிறகும் அந்தப் பொறுப்பு மாறவில்லை.

கட்டுமாவடியைத் தாண்டி ஒரு சிற்றாறு கடலில் சேரும் இடத்தில் அவருக்குப் பணி கிடைத்தது. அந்த முகத்துவாரத்தின் இருபுறமும் கற்சுவர் கட்டியிருந்தார்கள். கடல் நீரோட்டம் இழுத்துவரும் மணல் தெற்குச் சுவரில் தடைபட்டுக் குவிந்தது. வடக்கே மணல் வராமல் கரை அரிக்கப்பட்டு, வீடுகள் வரை தண்ணீர் வந்தது. குவிந்த மணலோ சுவரைச் சுற்றி வந்து, படகுகள் உள்ளே வந்துபோகும் ஆற்றின் வாயையும் அடைத்தது. தெற்கே சேரும் மணலைத் தண்ணீரோடு உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் போகும் குழாய் வழியே வடக்குக் கரையில் கொட்டுவதுதான் அக்கா அமைத்த திட்டம். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் “பிள்ளைக்கு மணல் அள்ளுற வேலையாம்ல” என்று சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அக்கா கோபப்படாமல், இது அந்த மணல் இல்லை என்று முதலிலிருந்து விளக்குவார்.

திட்டம் நன்றாகவே ஓடியது. ஆனால் அக்காவுக்கு ஒரு பயம் தீரவே இல்லை. பம்ப் உறிஞ்சும் இடத்தில் தண்ணீருக்கு அடியில் பெரிய பள்ளம் விழும். மேலே பார்த்தால் முழங்கால் ஆழம் போலத்தான் தெரியும். விளிம்பில் கால் வைத்தால் சுற்றியிருக்கும் மணல் உள்ளே சரிந்து ஆளை இழுத்துவிடும். கயிறு கட்டி, சிவப்புக் கொடி நட்டு, ஊரைக் கூட்டிச் சொல்லியும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் பம்ப் ஆபரேட்டர் செல்வத்திடம் கயிற்றுக்குள் யாரும் இல்லையே என்று போனில் கேட்பார்.

அவர் பயந்தது ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது. நான் அப்போது அவரோடு தங்கியிருந்தேன். புயல் எச்சரிக்கை கேட்டு எல்லாப் படகுகளும் திரும்பிவிட்டன, ஒன்றைத் தவிர. மத்தியானத்துக்குள் கடல் கறுத்துவிட்டது. அலை அடித்துவரும் மணல் வாயை அடைத்துவிடாமல் இருக்க பம்ப் இடைவிடாமல் ஓடியது. வராத படகு முத்துமாரி என்பவரின் கணவருடையது. படகு தெரிகிறதா என்று பார்க்க முத்துமாரி கடலோரமாகவே நடந்தார். கரையில் நின்ற நாங்கள் கூப்பிட்டது காற்றில் கேட்கவில்லை. கயிற்றைத் தாண்டினார். அடுத்த அலை வடிந்தபோது இடுப்பு வரை மணலுக்குள் இருந்தார்.

அக்கா போனில் செல்வத்திடம், “பம்ப்ப நிறுத்துங்க” என்றார்.

“மேடம், திடீர்னு நிறுத்துனா குழாயில மணல் இறுகிப்போயிரும். இன்னைக்கு மறுபடி ஓட்ட முடியாது. படகு இன்னும் வரலையே மேடம்.”

“தெரியும். நிறுத்துங்க.”

பம்ப் நின்றும் மணல் சரிவது உடனே நிற்கவில்லை. நீச்சல் தெரியாத அக்கா ஒரு சாரப் பலகையை மணலில் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து நகர்ந்துபோய் முத்துமாரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆண்கள் கயிறு கொண்டுவந்து இழுக்கும்வரை விடவில்லை. ஒவ்வொரு அலைக்கும் இருவர் தலையும் மறைந்து மறைந்து தெரிந்தன. கரைக்கு வந்ததும் முத்துமாரி கேட்டது இதுதான்: “பம்பு சத்தத்தயே காணோமே. அவுக எப்புடி உள்ள வருவாக?”

செல்வம் சொன்னது போலவே குழாய் அடைத்துவிட்டது. வாய் மேடாவது கண்ணுக்கே தெரிந்தது. அந்தக் காத்திருப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. பொழுது சாயும் நேரத்தில் படகு வந்தது. வாய்க்கு முன்னால் மணல் திட்டில் ஏறி, அலையில் புரண்டு உடைந்தது. அதிலிருந்தவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டு ஒவ்வொருவராகக் கரை சேர்ந்தார்கள். முத்துமாரியின் கணவர்தான் கடைசியில் வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, “அவரு வராமப் போயிருந்தா அந்தப் பொண்ணு மொகத்துல எப்படிடி முழிச்சிருப்பேன்?” என்றார்.

அதன்பின், எந்த நொடியில் பம்ப்பை நிறுத்தினாலும் மணல் கலக்காத தண்ணீர் தானாகப் பாய்ந்து குழாயைக் கழுவிவிடும்படி இன்னொரு பம்ப்பை இணைக்காமல் திட்டத்தை ஓட்ட அக்கா சம்மதிக்கவில்லை. தாமதம் என்று மேலே இருந்தவர்கள் கடிந்துகொண்டார்கள். அக்கா அசையவில்லை. பள்ளத்தைச் சுற்றி மிதவை வேலியும் சைரனும் வந்தன. அவர் பணியில் இருந்தவரை அங்கே ஓர் உயிரும் போகவில்லை. ஆனாலும் ஐப்பசி பிறந்தால் அவர் சரியாகத் தூங்கியதில்லை.

புற்றுநோய் என்று தெரிந்தபோது அக்கா தைரியசாலியாக நடிக்கவில்லை. திருச்சி மருத்துவமனையில் “பயமா இருக்குடி, லைட்ட அணைக்காத” என்பார். வெளியே காற்றடித்தால் செல்வத்துக்குப் போன் போடச் சொல்வார். சென்ற புரட்டாசியில், மழைக்காலம் தொடங்குமுன், எங்களைப் பிரிந்தார்.

கடைசிவரை பக்கத்திலிருந்து கவனித்த அத்தானுக்கும், முகம் சுளிக்காமல் பணிசெய்த செவிலியர்களுக்கும், வேன் பிடித்து விராலிமலை வரை வந்து இறுதிக் காரியங்களில் தோள்கொடுத்த கடற்கரை ஊர் மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முத்துமாரி கருமாதி முடியும்வரை எங்களோடு தங்கி, வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டார். அவருக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் அவர்தான் போன் செய்தார். அங்கே காற்று ஏறிவிட்டதாம். அவர் கணவர் வேறொருவர் படகில் போனவர் இன்னும் திரும்பவில்லையாம். அக்காவின் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் முன் அவர் கரையேறியிருக்க வேண்டும். அக்காவுக்காகக் கைகூப்பும் எல்லோரும் அவருக்காகவும் ஒருமுறை வேண்டிக்கொள்ளுங்கள்.