கண்ட நாரையைக் காணவில்லை என்றவர்

தாணுமாலயன் மின்வாரியத்தில் லைன்மேன். சுசீந்திரத்துக்காரர், வயது நாற்பத்தேழு. காற்றில் மரம் விழுந்து கரண்டு போனால் ஊரே அவரைத் தேடும். கரண்டு வந்துவிட்டால் அவர் எந்தக் கம்பத்திலிருந்து இறங்கிப் போனார் என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் போயிற்று. அதில் அவருக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லையென்றுதான் அவரே நினைத்திருந்தார்.

ஒரு தை மாதக் காலையில் தேரூர் குளக்கரைக் கம்பியில் பெரிய பறவை ஒன்று இறக்கை சிக்கித் தொங்குகிறது என்று தகவல் வந்தது. தாணு லைனை அணைத்துவிட்டு ஏறி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். உயிர் இருந்தது. கீழே பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் ஈரத்துண்டோடு நின்றுகொண்டிருந்தார். பறவையை வாங்கி அதன் கண்ணைத் துண்டால் மூடினார்.

"மஞ்சள் மூக்கு நாரை. இதை உயிரோடு இறக்கின முதல் ஆள் நீங்கள்தான். உங்கள் பெயர் என்ன?"

அவர்தான் எபிசன் சார். முன்பு நாகர்கோவிலில் ஆங்கிலப் பயிற்சி நிலையம் நடத்தியவர். இப்போது 'ஈரச்சிறகு' என்று ஒரு பறவை நோக்கும் குழு வைத்திருந்தார். பதினெட்டுப் பேர். ஞாயிறுதோறும் விடியலில் தேரூர், மணக்குடி, புத்தளம் உப்பளம் என்று போவார்கள்.

அடுத்த ஞாயிறே தாணுவை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். "நாமெல்லாம் தரையில் நின்று பார்க்கிறவர்கள். இவர் பறவை நிற்கிற உயரத்தில் நிற்கிறவர்" என்றார். பதினெட்டுப் பேரும் கைதட்டினார்கள். அந்த வாரம் முழுக்கத் தினமும் யாராவது ஒருவர் போன் செய்து நலம் விசாரித்தார்கள். தொலைநோக்கி ஒன்றை எபிசன் சாரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

"குருவி பாக்கதுக்குப் பொன்னாடையா?" என்று மனைவி சண்முகவடிவு சிரித்தாள். தாணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிறர் வாயால் தன் பெயரைக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

இரண்டு வருடத்தில் நூற்று நாற்பது பறவைகளை அவர் இனம் கண்டார். பறக்கிற விதத்தை வைத்தே உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் வித்தியாசம் சொல்லுவார். அந்த மகிழ்ச்சியில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் டெல்வினையும் அவரே குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தார். டெல்வின் கடியப்பட்டணத்துக்காரன், முப்பத்தைந்து வயது, திங்கள்நகரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். ஸ்டுடியோ வயர் பழுது பார்க்கப் போன இடத்தில் பழக்கம். "அண்ணே, கல்யாண வீட்டுல பந்தி எடுத்து எடுத்து மடுத்துப் போச்சு" என்று அவன் புலம்பியபோது, "ஞாயிற்றுக்கிழம என்கூட வா மக்கா" என்றார் தாணு.

குழுவில் விதிகள் ஒன்றொன்றாகத்தான் வந்தன. வாரக் குறிப்பேட்டை எபிசன் சாரிடம் கொடுக்க வேண்டும். அவர் சிவப்பு மையில் சரி போட்டால்தான் அந்தப் பறவை பார்த்ததாகக் கணக்கு. மற்றக் குழுக்களோடு போகக் கூடாது, அவர்கள் பார்வை கெட்டவர்கள். வீட்டிலிருப்பவர்களுக்கு இது புரியாது, எனவே அவர்களிடம் பேசிப் பயனில்லை. நடை முடிந்ததும் 'திருத்த வட்டம்'. எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் தாங்கள் செய்த தவறுகளைச் சொல்ல வேண்டும். முதலில் பறவை சம்பந்தமான தவறுகள்தான். பிறகு வீட்டுச் சண்டை, வேலையிடத்துப் பயம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்தன. சொல்லி முடித்ததும் எபிசன் சார் கண்கலங்கித் தோளில் தட்டுவார். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

ஜிஷா என்று ஒரு பள்ளி ஆசிரியை. குழுவில் எல்லோரையும்விடக் கூர்மையான காது அவளுக்கு. கல்லூரிக்காரர்கள் நடத்திய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு அவள் ஒருநாள் போய்வந்தாள். அந்த ஞாயிறு எபிசன் சார் சொன்னார்: "ஜிஷாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம்." ஓய்வு என்றால் மூன்று மாதம் ஒருவரும் அவளிடம் பேசக் கூடாது. தாணு அவளைச் சுசீந்திரம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தார். அவள் சிரித்தாள். அவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, யாரும் பேசாத போனில் "ஆங், சொல்லுங்க" என்றபடி எதிர்ப்பக்கம் நடந்தார்.

அது தப்பு என்று அன்றே தெரிந்தது. ஆனால் அதை எந்த வட்டத்தில் போய்ச் சொல்வது?

மாசி மாதத்தில் ஒரு காலை, தேரூர் குளத்துத் தாமரைக்கு அப்பால் தனியாக ஒரு நாரை நிற்பதைக் கம்பத்தின் மேலிருந்து தாணு பார்த்தார். ஆள் மார்பளவு உயரம். கறுத்து மினுங்கும் கழுத்து, பவளச் சிவப்பில் நெடுங்கால். கருங்கழுத்து நாரை. இந்தப் பக்கம் வராத பறவை. பத்து நிமிடம் பார்த்தார். கையில் போன் இல்லை, படம் எடுக்கவில்லை. இறங்கியதும் குறிப்பேட்டில் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை எபிசன் சார் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"தாணு, இதை நீங்கள் பார்க்கவில்லை."

"பாத்தேன் சார். காலு செக்கச்செவேல்னு..."

"பார்க்க ஆசைப்பட்டீர்கள். ஆசை கண்ணில் ஏறிக்கொள்ளும். எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை, வருத்தம்தான்." பிறகு மற்றவர்களைப் பார்த்தார். "நாம் தாணுவுக்கு உதவ வேண்டும்."

ஒவ்வொருவராக உதவினார்கள். கொக்காக இருக்கும் என்றார் ஒருவர். காலை வெயில் ஏமாற்றும் என்றார் இன்னொருவர். டெல்வின்கூட, "அண்ணே, விட்டுருங்க. ஒத்துக்கிட்டா முடிஞ்சு போவும்" என்றான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் தாணு, "நான் பாக்கல்ல" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எபிசன் சார் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். அந்த அணைப்பில் தாணுவுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது அதை எண்ணித்தான்.

அதற்குப் பிறகு கம்பத்தில் வேறொன்று நடந்தது. ஏறுவதற்கு முன் சுவிட்சைத் திறந்து, கரண்டை இணைக்கும் மூன்று உலோகக் கத்திகளும் மேலே விலகி நிற்பதைக் கண்ணால் பார்ப்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல. இப்போது பாதி ஏறியதும் சந்தேகம் வந்தது. பார்த்தேனா, பார்க்க ஆசைப்பட்டேனா? இறங்கிப் போய்ப் பார்ப்பார். திரும்ப ஏறுவார். திரும்ப இறங்குவார்.

போர்மேன் ஐயப்பன் கீழே நின்று கவனித்துக்கொண்டே இருந்தார்.

"என்னடே, மூணாவது தடவ எறங்குகே? சுவிட்சு தொறந்து கெடக்கது எனக்கு இங்கேருந்தே தெரியுது."

"எனக்குத் தெரியல்லியே அண்ணாச்சி."

"ஒனக்குக் கண்ணு கெட்டுப் போச்சா, இல்ல ஒன் கண்ண ஒருத்தன் கெடுத்துட்டானா? சொல்லுடே."

தாணு மறுபடியும் சுவிட்சைப் பார்க்கப் போனார். ஐயப்பன் அவரை நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கண் பரிசோதிக்கச் செய்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். சீட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது தாணுவுக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. எபிசன் சார்மீது பாதி, தன்மீது பாதி. ஆனாலும் அந்த ஞாயிறு, பழக்கத்தில் கால் இழுக்க, வட்டத்தில் போய் உட்கார்ந்து, "கம்பத்துல ஏறப் பயமா இருக்கு" என்று சொல்லி அழுதார்.

வைகாசியில் புத்தளத்துப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஆண்டு முகாம். வந்தவர்கள் போனையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். அன்று அதிகாலையில் பழுது ஒன்று இருந்ததால் தாணு பிந்திக் கிளம்பினார். வழியில் டெல்வினின் மனைவி ஷீஜாவின் அழைப்பு வந்தது.

"அண்ணே, அவரு ஒங்க கூடயா இருக்காரு? பிள்ளைக்கு இன்னைக்குச் சர்ச்சுல புதுநன்மை, மொத மொதல்ல நற்கருணை வாங்குகா. எட்டரைக்குப் பூசை. வெள்ளை உடுப்பும் போட்டுக்கிட்டு வாசல்லயே நிக்கா. போன் எடுக்கமாட்டேங்காரு."

"என்கிட்ட சொல்லவே இல்லியே பிள்ள."

"நீங்கதானே அண்ணே கூட்டிட்டுப் போனிய? நீங்களே கூட்டிட்டு வாங்க."

தாணு பைக்கை விரட்டினார். தோப்பில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நடுவில் போய் நின்றார்.

"டெல்வினே, எழும்பு. இப்பக் கிளம்பினா நன்மை குடுக்கதுக்கு முந்திப் போயிரலாம். பிள்ள வாசல்ல நிக்கு."

டெல்வின் எழவில்லை. முதலில் எபிசன் சாரின் முகத்தைப் பார்த்தான். தன் மகளின் சடங்குக்குப் போகலாமா வேண்டாமா என்று ஒரு தகப்பன் இன்னொருவன் முகத்தில் தேடினான்.

"நான் யாரையும் தடுத்ததில்லை" என்றார் எபிசன் சார். "டெல்வின் மனதுக்குச் சரியென்று படுவதைச் செய்யட்டும். ஆனால் தாணு ஏன் இப்படிப் பதற்றத்தோடு வந்து நிற்கிறார் என்று நாம் யோசிக்க வேண்டும்."

"யோசிக்கதுக்கு ஒண்ணுமில்ல சார்." தாணு அவருக்கு நேரே திரும்பினார். "எனக்கு நல்ல ஓர்மை இருக்கு. மாசி மாசம் நான் அந்த நாரையப் பாத்தேன். கறுத்த கழுத்து, சிவந்த காலு. பத்து நிமிசம் பாத்தேன். பாக்கலன்னு நான் சொன்னதுதான் பொய்யி."

யாரும் நிமிரவில்லை. பேசியது டெல்வின்தான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணன் சொல்லதை எடுத்துக்கிட முடியாது. கம்பத்துல ஏறவே பயமா இருக்குன்னு இதே வட்டத்துல அழுதவருதானே. அவருக்குச் சுகமில்ல."

எபிசன் சார் தலையசைத்தார். "தாணுவுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம்."

தாணு பைக்கை எடுத்தார். நேரே கடியப்பட்டணம் போனார். கோயிலை விட்டுக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. ஷீஜா அவர் பின்சீட்டைப் பார்த்தாள், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.

அடுத்த நாளே குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் எழுதிய நூற்று நாற்பது பறவைகளும் குழுவின் பட்டியலில் மற்றவர்கள் பெயருக்குப் போயின. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். டெல்வினை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

தெரிந்த போலீஸ்காரர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தார். "அடிச்சாங்களா? பூட்டி வச்சாங்களா? அவன் தன் சம்மதத்துல குருவி பாக்கப் போறான், இதுல எந்தச் செக்ஷன்ல கேஸ் போட?" என்று அவர் சிரித்தார். சண்முகவடிவு மட்டும் சிரிக்கவில்லை. "சாமியாருகிட்ட மாட்டுனான்னு சொன்னா நம்புவாங்க. குருவிகிட்ட மாட்டுனான்னு சொன்னா யாரு நம்புவா?" என்றாள்.

ஓய்வுக்குப் பிறகு குழுவுக்குத் திரும்பாத ஜிஷாவின் வீட்டுக்கும் போனார். அவள் நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள்.

"மன்னிச்சிரும்மா. பஸ் ஸ்டாப்புல அன்னைக்கு..."

"போன்ல யாருமே இல்லன்னு எனக்குத் தெரியும் அண்ணே" என்றாள் ஜிஷா. "வீட்டுல வந்து அழுதேன். நான்தான் ஏதோ தப்பு செஞ்சேன்னு ஒரு வருசம் நெனச்சிட்டிருந்தேன். மன்னிச்சுட்டேன்னு இப்பச் சொன்னா அது பொய்யாப் போவும்."

"டெல்வினை எப்பிடி வெளிய கொண்டுவரது?"

"திட்டாதிய. திட்டத் திட்ட எபிசன் சாரு சொன்னதுதான் நிசம்னு அவனுக்குத் தோணும். வெளிய ஒரு ஆளு நிக்குன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் நடக்குமான்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

தாணுவுக்கு அது எரிச்சலாக இருந்தது. லைன் அறுந்தால் இரண்டு முனையையும் இழுத்துக் கட்டிவிட்டு வருகிற ஆள் அவர். சும்மா நிற்பது அவருக்குத் தெரியாத வேலை. ஸ்டுடியோவுக்குப் போய்ப் பார்த்தார். ஓய்வு கொடுக்கப்பட்ட ஆளிடம் பேசக் கூடாது அல்லவா, டெல்வின் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான். இரண்டாவது தடவை தாணு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு எடுக்கணும்."

வாடிக்கையாளரிடம் பேசாமல் முடியாது. டெல்வின் விளக்கைப் போட்டான். "நிமிந்து இருங்க. தாடையக் கொஞ்சம் தாழ்த்துங்க." அவ்வளவுதான். படத்தை உறையில் போட்டு மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அதிலிருந்து மாதம் ஒருமுறை தாணு திங்கள்நகர் போகிறார். டெல்வினை இப்போது குழுவின் துணை ஒருங்கிணைப்பாளர் ஆக்கியிருக்கிறார்கள். ஷீஜா பிள்ளையோடு குளச்சலில் தாய்வீட்டில் இருக்கிறாள். தாணு பழையபடி ஒரே தடவையில் கம்பம் ஏறுகிறார். குளத்தில் வந்திறங்குவதைத் தனக்காக எழுதிவைத்துக்கொள்கிறார், யாரிடமும் காட்டுவதில்லை.

"இத்தன போட்டோவ வச்சு எங்க போகப் போறிய?" என்று போன வாரம் சண்முகவடிவு கேட்டாள். மேசை இழுப்பறையில் எட்டு உறைகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதல் கோபத்தோடு அவர் முகம்.

"எப்பவும் நிமிந்து இருங்க, தாடையத் தாழ்த்துங்க, அவ்வளவுதான் சொல்லுவான். போன தடவ 'சிரிக்காதிய'ன்னு சொன்னான்" என்றார் தாணு. "நான் சிரிக்கவே இல்ல. என்னத்துக்குச் சொன்னான்னு யோசிச்சிட்டு இருக்கேன்."