சொல் கொடுத்த பிறகு இன்னொரு மைதானம்

வண்டியில் மூன்று பேர் இருந்தோம்: நான், என் கணவர் அன்ரன், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகன் யூட். நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை, ரொறன்ரோவுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் ஸ்ரௌவ்வில்லிலிருந்து மேற்கே ஒரு பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியைப் பார்க்கப் போனோம். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று யூட் கேட்டிருக்கிறான். தூரத்தை எழுதலாம்: ஒரு வழிக்கு 134 கிலோமீற்றர்.

கால்பந்து என்றதும் நம் கோயில் மைதானத்து விளையாட்டை நினைக்க வேண்டாம். இது தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது. யூட் ஓடுவதுமில்லை, மோதுவதுமில்லை. இரண்டு உயரக் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து ஏற்றுவது மட்டும்தான் அவன் வேலை. ஓர் அணிக்கு இப்படி ஒரு கிக்கர் போதும். அந்த ஒரு இடத்துக்குத்தான் இவ்வளவு அலைச்சல்.

செப்ரெம்பரில் ரொறன்ரோவுக்குள் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் கோச்சிடம், "உங்களிடமே வருகிறேன்" என்று சொல்லியிருந்தான். இதை 'கொமிற்' பண்ணுவது என்கிறார்கள். கையெழுத்து எதுவும் இல்லை, வாய்ச்சொல்தான். நவம்பரில் மேற்கிலிருந்து இன்னொரு கோச் அழைத்தார். வருடத்துக்கு நாலாயிரம் டொலர் உதவித்தொகை பற்றிப் பேசலாம், வந்து பாருங்கள் என்றார். அன்றிலிருந்து பையனுக்குச் சாப்பாட்டில் கவனமில்லை.

எனக்கு இந்த உலகம் புதிது. ஆனால் யோசித்துப் பார்த்தால் கலியாணப் பேச்சு மாதிரித்தான் இருந்தது. ஒரு வீட்டில் பேசி முடித்த பிறகு, அவர்களுக்குச் சொல்லாமல் இன்னொரு வீட்டில் போய்த் தேத்தண்ணி குடிக்கலாமா? அதனால் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு நிபந்தனை வைத்தேன்.

"முதல் கோச்சுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிடுறது."

"அம்மா, ஒருத்தரும் உப்பிடிச் செய்யிறேல்லை. லிட்டரலி ஒருத்தரும்."

"அப்ப நீ முதல் ஆளாயிரு."

"உன்னைச் சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புறா கொம்மா," என்றார் அன்ரன், தொலைபேசியிலிருந்து தலையெடுக்காமல்.

யூட் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது. கோச் கோபப்படவில்லையாம், நன்றி சொன்னாராம். "நீ வேறு இடம் பார்க்கிறாய் என்றால் நானும் வேறு பையனைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமையே ஒருவனைக் கூப்பிடுகிறேன். அவன் ஓம் என்றால் உன் இடம் போய்விடும்" என்றாராம்.

"சந்தோசமா அம்மா?" என்று மட்டும் கேட்டான்.

காலை 6.40க்குப் புறப்பட்டோம். அன்ரன் 407 சுங்கச்சாலையால் போவோம் என்றார், நான் 401ஆல் என்றேன். சனிக்கிழமை அந்த நேரத்தில் 401 வெறுமையாகத்தான் இருக்கும், சுங்கமும் இல்லை. விமான நிலையப் பக்கம் தொடங்கிய செபமாலை, மில்ரன் நகரைத் தாண்ட முடிந்தது. வழியில் கோப்பி குடித்தும் 8.20க்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டி நிறுத்த நாள் முழுவதற்கும் 12 டொலர்.

வரவேற்பு பெரிதாக இருந்தது. யூட்டின் பெயர் போட்ட சட்டையை மாட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள். நான் ஒரு ரின் நிறையப் பயற்றம் பணியாரம் கொண்டுபோயிருந்தேன், கோச்சுக்குக் கொடுக்க. முதல் தரம் ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லை. ஆனால் மைதானத்துக்கு வந்து பார்த்தால், யூட்டைப் போலவே பெயர் போட்ட சட்டைகளோடு இன்னும் மூன்று பையன்கள் பந்தோடு நிற்கிறார்கள். எங்களை மட்டும் கூப்பிட்டதாக நினைத்தது என் பிழை. ரின்னை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு பெண். பெயர் ஷெரி. வடக்கே தூரத்துச் சட்பரியிலிருந்து முந்தின நாளே வந்திருந்தார். என் உடைந்த ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்டார். தன் மகன் ஜூன் மாதமே இங்கே கொமிற் பண்ணிவிட்டான் என்றார்.

"புதுப் பிள்ளைகளை வரவேற்கும் நாள் என்றுதான் சொன்னார்கள். மற்ற மூன்று பேரும் ஏன் பந்து உதைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். ரின்னைத் திறந்து நீட்டினேன். அவர் ஒரு பணியாரத்தைக் கடித்த பிறகுதான், "அதில் ஒருவன் என் மகன்" என்றேன்.

மீதியையும் வாயில் போட்டுக்கொண்டார். "இது நன்றாக இருக்கிறது," என்றார். "ஆனால் உங்கள் மகன் உதைப்பது கோணலாகப் போக வேண்டும் என்று நான் செபிக்கப் போகிறேன்."

"நான் வழியிலேயே மற்றப் பக்கம் செபித்து முடித்துவிட்டேன்," என்றேன். இருவரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று நல்ல காற்று. யூட் பத்தில் எட்டை ஏற்றினான். ஷெரியின் மகன் ஐந்து. முடிவில் கோச் யூட்டின் தோளைத் தட்டி, இடம் உனக்குத்தான், ஒரு வாரத்தில் சொல் என்றார். எனக்கு ஒன்று அறிய வேண்டியிருந்தது. "ஜூனில் சொல் கொடுத்த பையனுக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

"அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம், அம்மணி," என்றார்.

ரின்னை ஷெரியிடமே விட்டு வந்தேன்.

திரும்பும்போது யூட்தான் பேச்சைத் தொடங்கினான். மில்ரனுக்குக் கிட்ட, "அந்தச் சட்பரிப் பெடியனுக்கு இன்னும் தெரியாது," என்றான். "எங்கடை ரொறன்ரோக் கோச் எனக்கு நேரடியாச் சொன்னவர், இடம் போகும் எண்டு. அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"நாலாயிரம் டொலர், தம்பி. வருசா வருசம்," என்றார் அன்ரன்.

"அங்கை அறை வாடகையும் சாப்பாடும் அதுக்கு மேலை வருமப்பா," என்றேன் நான். கணக்கு ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

நெடுஞ்சாலை ஓரத் தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான். மேற்குக் கோச்சுக்கு, வரவில்லை, நன்றி என்று எழுதினான். அப்போது எனக்கே மனம் ஆடிவிட்டது.

"முதல் ரொறன்ரோக் கோச்சின்ரை பதில் வரட்டுமே. பிறகு இதை அனுப்பினால் என்ன?"

யூட் என்னைத் திரும்பிப் பார்த்தான். அன்ரன் ஸ்ரியரிங்கைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப ஆரப்பா பாவசங்கீர்த்தனத்துக்குப் போறது?" என்றார். யூட் அனுப்பிவிட்டான்.

இப்படிப் போகிறவர்களுக்குச் சில விடயங்கள். எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். உதவித்தொகை என்றால் எத்தனை வருடத்துக்கு, எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள். எங்கள் செலவு பெற்றோல் 41, தரிப்பிடம் 12, கோப்பி 9, மொத்தம் 62 டொலர், சாப்பாடு வீட்டிலிருந்து. காற்றுக்குத் தொப்பி கட்டாயம். முதல் கோச்சுக்குச் சொல்லிவிட்டுப் போவது நல்லதா என்று கேட்டால், இன்றைக்கும் நல்லது என்றுதான் சொல்வேன். ஆனால் பயமில்லாமல் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து இதை எழுதுகிறேன். யூட் தொலைபேசியை மேசையில் திருப்பி வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிமிர்த்திப் பார்க்கிறான். நேற்று அந்தத் தரிப்பிடத்திலிருந்து ரொறன்ரோக் கோச்சுக்கு அவன் அனுப்பியது ஆங்கிலத்தில். எங்களுக்கு வாசித்துக் காட்டியதைத் தமிழில் எழுதுகிறேன்:

"கோச், போய்ப் பார்த்துவிட்டேன். அவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். என் இடம் இன்னும் இருந்தால் எனக்கு அது வேண்டும். இல்லையென்றாலும் சொல்லுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்."